சிலந்தி என்று சொல்லப் போய்

அக்காவுக்குப் பூ வைத்துச் சம்பந்தத்தை உறுதி செய்ய வந்த அன்று எங்கள் வீட்டில் அப்பா இருந்தார், அம்மா இருந்தாள், ஆட்டோ ஓட்டுகிற மாமா சலவை வேட்டி கட்டிக்கொண்டு இருந்தார், பட்டாபிராமிலிருந்து அத்தை வந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, உறவுக்காரப் பெண்கள் நான்கு பேர். உள் அறையில் புதுப் புடவையில் அக்கா. பக்கத்து வீட்டு நாய்கூட வாசலை விட்டு நகராமல் இருந்ததாம். இல்லாதவன் நான் ஒருவன்தான், பெண்ணுக்குக் கூடப்பிறந்த ஒரே தம்பி.

நான் அந்த நேரத்தில் அரை மைல் தள்ளி, முத்தாபுதுப்பேட்டைக்குப் பின்னால் இருந்த முள்காட்டில், ஒரு வேப்பமரத்தடியில் குப்புறப் படுத்திருந்தேன்.

வேண்டுமென்று போகவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. விலங்கியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்துக் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்று, பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதிச் சட்டை தைக்கிற கம்பெனியில் பட்டன் வைக்கும் பிரிவில் சேர்ந்தாள். காலை ஏழு மணிக்கு மண்ணூர்பேட்டை ஸ்டாப்பில் இறங்கி அவள் நடந்த நடையில்தான் என் கல்லூரிக் கட்டணம் வந்தது. ஆகவே நான் எடுத்துக்கொண்ட ஆய்வைப் பொறுப்போடு செய்ய நினைத்தேன். செய்தேன். அதுதான் வம்பு.

ஆய்வு ஒரு சிலந்தியைப் பற்றி. கறுப்பாய், உருண்டையாய், எண்ணெய் தடவினதுபோல் பளபளப்பாய் இருக்கும். வெளிநாடுகளில் பொத்தான் சிலந்தி என்று ஒன்று உண்டு, கடித்தால் ஆளைப் படுக்கவைத்துவிடும். எங்கள் காட்டில் இருந்தது அதன் சாயலில் இருக்கிற இன்னொன்று. அவ்வளவு விஷம் இல்லை, வயிற்றில் சிவப்புக் குறியும் இல்லை. அதனால் பொய்ப் பொத்தான். வீட்டு மூலையில் ஒட்டடை கட்டுகிற உறவுக்காரர்கள் அதற்கு உண்டு, ஆனால் இது வீட்டுப் பக்கமே வராது. காரைச் செடியும் ஈச்சம்புதரும் அடர்ந்த நிழலில், மரத்தின் அடிப்பட்டை வெடிப்பில்தான் குடித்தனம். நான் முதன்முதலில் ஒன்றைப் பாட்டிலில் பிடித்துவந்து அக்காவிடம் காட்டியபோது அவள் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நான் ஒரு நாளிக்கி ஆயிரம் பட்டன் வெக்கிறேன்டா. ஒண்ணுகூட இப்பிடி ஓடுனதில்ல" என்றாள்.

வலை என்றதும் வட்டமாய், கோலம் போட்டதுபோல் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சிக்கெடுக்காத தலைமுடி மாதிரி இருக்கும். ஆனால் அந்தச் சிக்கிலிருந்து சில நூல்கள் மட்டும் விறைப்பாகத் தரைக்கு இறங்கும். அவற்றின் அடி நுனியில் பசை. வேலையைப் பார்த்துக்கொண்டு போகிற எறும்பு ஒன்று அதில் காலை வைத்துவிட்டால் போதும், நூல் தரையை விட்டுச் சட்டென்று கழன்று சுருங்கி எறும்பை அந்தரத்தில் தூக்கிவிடும். மேலே இருப்பவள் அவசரமே இல்லாமல் இறங்கி வருவாள். பின்னங்காலில் சீப்புப் பல்போல ஒரு முடி வரிசை. அதால் பசை நூலை வாரி வாரி எறும்பின் மேல் வீசுவாள். ஆண் சின்னவன். பெண் பார்க்க வந்தவன் வாசலில் தயங்குவதுபோல வலையின் ஓரத்தில் நின்றுகொண்டு, உடம்போடு உடம்பை உரசி ஒரு ஓசை எழுப்புவான். அது நம் காதுக்கு எட்டாது, நூல் நடுங்குவதை மட்டும் பார்க்கலாம். சம்மதமா இல்லையா என்று தெரியாமல் ஒருவன் ஒரு மணி நேரம் அப்படி நின்றதை நோட்டில் குறித்திருக்கிறேன்.

வேப்பமரத்தடியில் ஒருத்தி பஞ்சுபோல வெள்ளை உறை கட்டி முட்டையிட்டிருந்தாள். இருபத்து மூன்று நாளாகத் தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். உறைக்குள் குஞ்சுகள் நெளிவது தெரிய ஆரம்பித்திருந்தது. பூ வைக்கிற அன்று விடிந்ததும் ஓடிப்போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு எட்டு மணிக்குள் வந்து குளிக்கலாம் என்பதுதான் என் திட்டம். போய்ப் படுத்த பத்தாவது நிமிஷம் உறையில் ஒரு ஓட்டை விழுந்தது. கடுகில் பாதி அளவில் ஒன்று தலையை நீட்டியது. அதற்குப் பிறகு எனக்குக் கடிகாரம் பார்க்கத் தோன்றவில்லை.

இனி, வீட்டாருக்கு நான் கற்றுக்கொடுத்த பாடத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இதற்குப் பேர் எட்டுக்கால் பூச்சி. யாரும் வேறு பேர் சொல்லிக் கேட்டதில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

"இன்னாடா, எட்டுக்கால் பூச்சிய பாக்கவா காலேஜ்க்கு போற?" என்றாள் அம்மா, ஆய்வு தொடங்கிய புதிதில்.

"பூச்சி இல்லம்மா. பூச்சின்னா ஆறு காலுதான். எட்டு காலு இருந்தா அது பூச்சியே கெடையாது. சிலந்தின்னு சொல்லு."

"பேர்லியே எட்டுக்கால்னு கீதேடா. அதுல இன்னா கொற கண்ட?"

"கொற கால்ல இல்ல, பூச்சில."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா, "படிச்சவன் சொல்றான், சொல்லிட்டுப் போயேன்" என்றார். ஆனாலும் பழக்கம் விடவில்லை. பூச்சி என்று யாராவது சொன்னால் காது கேட்காதவன்போல இருந்துவிடுவேன். சிலந்தி என்றால்தான் பதில். ஒரு மாதத்தில் வீடு வழிக்கு வந்தது. மாமாதான் எல்லோரையும்விடச் சீக்கிரம் தேர்ச்சி பெற்றார். குமணன்சாவடியிலிருந்து ஆவடி வரைக்கும் ஆட்டோவில் ஏறுகிறவர்களிடமெல்லாம், "நம்ம அக்கா பையன் சிலந்தி பண்றான் சார்" என்று சொல்லிக்கொண்டு போவார்.

மாப்பிள்ளை ஆவடி பேக்டரியில் வேலை பார்த்தார், குவார்ட்டர்ஸில் வீடு. அவருடைய அப்பா எங்கள் பக்கத்து மனிதர், எங்கள் சனம். வேலைக்காகத் தெற்கே போய், அங்கேயே கல்யாணம் செய்து, மாற்றலில் ஆவடிக்கு வந்தவர். மாப்பிள்ளையின் அம்மா ராமநாதபுரம் பக்கம். அந்தப் பக்கத்துப் பேச்சு அவரிடம் அப்படியே இருந்தது. அதைப் பற்றி நான் யோசித்திருக்க வேண்டும்.

அன்று நடந்ததை அத்தை எனக்குப் பலமுறை எல்லாக் குரலிலும் நடித்துக் காட்டியிருக்கிறார். காபி குடித்து முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா சுற்றிலும் பார்த்துவிட்டு, "பொண்ணுக்குத் தம்பி ஒருத்தர் இருக்காகன்னு சொன்னீக. காணமே?" என்று கேட்டிருக்கிறார்.

மாமா முந்திக்கொண்டார். "அவனுக்கு சிலந்தி, சம்மந்தியம்மா. காட்டாண்ட படுத்துகினு கீறான்."

"என்னது?"

"சிலந்திம்மா. ரெண்டு வருசமா அதான். இன்னிக்கி வெளிய வர்ற நாளு. உள்ள நெளியறது நல்லா தெரியுதுன்னான். நாமளா புடிச்சி இஸ்தா கெட்டுப்பூடுமாம். தன்னால, நூல் நூலா வரணுமாம்."

மாமா குறைவாகச் சொல்லிவிட்டாரோ என்று அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. "மொதல்ல எங்களுக்கும் அருவருப்பாதான் இருந்துச்சி. இப்போ பழகிப்போச்சி. ஊட்லகூட ஒண்ணு ரெண்டு கீது" என்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்தார். "இந்தத் தண்ணி எங்கிட்டு எடுக்கிறீக?"

"நம்ம கெணறுதாம்மா. தெருவே இங்கதான் மொண்டுகினு போவும்" என்றார் அப்பா, பெருமையாக.

மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை மெல்லக் கீழே வைத்தார். பக்கத்திலிருந்த பெண் காதில் ஏதோ சொன்னார். அந்தப் பெண் தன் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "பூவ அடுத்த முகூர்த்தத்துல வச்சுக்கிருவோம்" என்று சொல்லிவிட்டு எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கொண்டுவந்த பூக்கூடையும் கூடவே போய்விட்டது.

நான் வீடு வந்தபோது மணி ஒன்றரை. மனசு அப்படி ஒரு நிறைவில் இருந்தது. குஞ்சுகள் குச்சி நுனிக்கு ஏறி, வயிற்றைத் தூக்கி, ஒரு நூலைக் காற்றில் விட்டு, காற்று இழுத்த பக்கமெல்லாம் மிதந்து போயின. நூற்று நாற்பது வரை எண்ணினேன். வாசலில் நுழையும்போதே, "வந்துருச்சி, எல்லாம் வந்துருச்சி" என்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா புதுப் புடவையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தாள்.

என்ன குறை என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. காபியில் சர்க்கரை தூக்கலா, அப்பா முகச் சவரம் செய்யாததா, அந்த நாயா என்று பேசிப் பேசி மாய்ந்தார்கள். நான் வராததுதான் மரியாதைக் குறைவாகப் போயிற்று என்று எனக்குத் தோன்றியது. போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன்.

"நீ வராததா கொற? வந்திருந்தா அவங்களாண்டயும் காலு கணக்குதான பேசியிருப்ப" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவளுக்கு இருபத்தேழு வயது. இதற்கு முன் மூன்று இடம் வந்து போயிருந்தது. மற்ற மூன்று பேர் திரும்பிப் போனபோது அவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. இந்த முறை, சாயங்காலம் பாத்திரம் துலக்கும்போது, "அடுத்த முகூர்த்தம் என்னிக்குடா?" என்று என்னிடம் கேட்டாள். நான் நாட்காட்டியைப் பார்த்துச் சொன்னேன். பன்னிரண்டு நாள் இருந்தது.

மறுநாள் காலை மாமா ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"பேண்ட்ட தூக்கு."

"எதுக்கு மாமா?"

"தூக்குடா. காலுல இன்னா உனுக்கு?"

ஆவடி ஸ்டாண்டில் மாப்பிள்ளையின் அப்பா அவரைப் பார்த்திருக்கிறார். தயங்கித் தயங்கி, பையனுக்குப் புழு முழுசாக வந்துவிட்டதா என்று விசாரித்திருக்கிறார். "எனுக்கு இன்னா கேக்கறாருன்னே புரியல. நீ சொன்ன கணக்குதான்னு, நூத்திநாப்பது வந்துச்சி சார்னேன். மனுசன் மூஞ்சி செத்துப்பூச்சி. ஒண்ணு வந்தாவே ஆளு படுத்துடுவானே, காலுல நூத்திநாப்பதான்றாரு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நரம்புச் சிலந்தி. சுகாதாரப் பாடத்தில் நானே படித்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். குளத்துத் தண்ணீரையும் படிக்கிணற்றுத் தண்ணீரையும் குடிப்பதால் உடம்புக்குள் போய், ஒரு வருஷம் வளர்ந்து, காலில் கொப்புளம் கட்டி உடைத்துக்கொண்டு நூல்போல வெளியே வருகிற புழு. இழுத்தால் அறுந்துவிடும், குச்சியில் சுற்றி நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பார்கள். தெற்கே வறண்ட ஊர்களில் அது படுத்திய பாடு கொஞ்சமில்லை. எங்கள் பக்கத்தில் அந்தப் பேரே யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கோ சிலந்தி என்றால் முதலில் அதுதான். சின்ன வயதில் சொந்தச் சித்தப்பா காலில் பார்த்தவர். மாமா பேசிய ஒவ்வொரு சொல்லும் அந்த நோய்க்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியிருந்தது.

எல்லாவற்றையும் விளக்கினேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "எட்டுக்கால் பூச்சின்னு சொல்லிகினு சொம்மாதான இருந்தோம். உன்ன யாருடா பேரு மாத்த சொன்னது?"

அக்கா கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவள் குரல் மாறிவிட்டது. "நீயே போ. உன் வாயால குடுத்தத உன் வாயாலயே சரி பண்ணினு வா. பாட்டில எடுத்துகினு போ. அந்த வார்த்தைய மட்டும் அங்க எடுக்காத."

அன்று மாலையே அப்பா, மாமா, நான் மூவரும் குவார்ட்டர்ஸுக்குப் போனோம். ஊறுகாய்ப் பாட்டிலில் ஒரு பெண் சிலந்தி, வாயில் மல்துணி கட்டியிருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலக் காட்டுங்க தம்பி."

முழங்கால் வரை சுருட்டினேன். காட்டில் ஊர்ந்த கீறல்கள் நிறைய.

"இது என்ன?"

"காரைமுள்ளுங்க."

"எல்லாரும் முதல்ல முள்ளுன்னுதான் சொல்லுவாக" என்றார், இரக்கத்தோடு.

நான் பாட்டிலை மேசைமேல் வைத்தேன். "அம்மா, இதுதாங்க. இது வந்து கணுக்காலித் தொகுதியைச் சேர்ந்தது. தலையும் மார்பும் ஒன்றாக இணைந்து" என்று ஆரம்பித்தேன். மாமா பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளினார். இரண்டு வருஷமாக யார் சொன்னாலும் திருத்திய வாய் திறக்க மறுத்தது. கடைசியில் சொல்லிவிட்டேன். "எட்டுக்கால் பூச்சிங்க."

மாப்பிள்ளையின் அம்மா குனிந்து பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எட்டுக்கால் பூச்சியா?"

"ஆமாங்க."

"இதுக்காகவா காட்டுல படுத்துக் கெடந்தீக?"

"படிப்புங்க."

"நேத்து வெளிய வந்தது?"

"குஞ்சுங்க."

"வீட்டுலயும் ஒண்ணு ரெண்டு இருக்குன்னு உங்கம்மா சொன்னாகளே?"

"பாட்டில்லங்க."

உள் அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. மாப்பிள்ளைதான். வெளியே வந்து, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் நேரே சமையலறைக்குப் போய், சர்க்கரை டப்பாவிலிருந்து ஒரு எறும்பைத் தாளில் ஏந்திக்கொண்டு வந்தார். "என்ன பண்ணும்? காட்டேன்" என்றார். துணியை விலக்கி உள்ளே விட்டோம். எறும்பு பாட்டில் அடியில் இரண்டு சுற்று சுற்றியது. மூன்றாவது சுற்றில் நூலில் கால் பட்டு, விசுக்கென்று மேலே போய்த் தொங்கியது. மாப்பிள்ளையின் அப்பா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "கிரேன் மாதிரில்ல தூக்குது" என்றார். அப்பா, ஏதோ தாமே வளர்த்தது மாதிரி, "இன்னும் கீது, பாருங்க, இப்போ கட்டும்" என்றார். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அன்று அந்த வீட்டில் நான்கு எறும்புகள் உயிரை விட்டன.

அத்தோடு முடிந்தது என்று எழுந்தோம். மாப்பிள்ளையின் அம்மா என்னை நிறுத்தினார்.

"நான் நம்பிட்டேன் தம்பி. ஆனா நேத்தே ஊருக்கு மூணு பேருக்குக் கடுதாசி போட்டுட்டேன், பொண்ணு வீட்டுக் கிணத்துல சிலந்தின்னு. இப்பப் போயி அது பூச்சின்னு எழுதினா என்னையத்தான சிரிப்பாக? கிணற இறைச்சு, மருந்து போட்டாச்சு, தண்ணி சுத்தம்னு எழுதினா மருவாதியா இருக்கும். உங்களுக்குச் சம்மதம்னா அந்த முகூர்த்தத்துக்கே பூவோட வாறோம்."

எங்கள் கிணற்றில் புழுவும் இல்லை, சேறும் இல்லை. முந்தின வருஷம்தான் தூர் வாரியிருந்தது. அப்பா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "நானே சொல்லணும்னு இருந்தேன். ரொம்ப நாளா தூரு வாரவேயில்ல" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாடகைக்கு ஆயில் என்ஜின் வந்தது. நான்கு ஆட்கள் இறங்கினார்கள். நல்ல தண்ணீர் நாள் முழுக்கத் தெருவில் ஓடியது. தெருவே குடத்தோடு வந்து நின்று, எதற்கு என்று கேட்டது. மாமா ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் சொன்னார். அடியிலிருந்து ஒரு சொம்பும், மூன்று ரப்பர் பந்தும், ஆட்டோவில் யாரோ திருடிவிட்டதாக மாமா சொல்லிவந்த டார்ச் லைட்டும் கிடைத்தன. மாமா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, "நைனா, உன் ஆளு இங்கயும் கீறான். பூச்சி" என்று அழுத்திச் சொன்னார். இறங்கிப் பார்த்தேன். எங்கள் காட்டுக்காரி இல்லை, வீட்டு ஒட்டடைக்காரி. ஆனால் நான் திருத்தவில்லை.

சாயங்காலம் மாப்பிள்ளை சைக்கிளில் வந்தார். வேலை ஆகிவிட்டதா என்று பார்த்துவரச் சொல்லி அம்மா அனுப்பியதாகச் சொன்னார். இன்னும் பிளீச்சிங் வாடை போகாத தண்ணீரை ஒரு சொம்பு வாங்கிக் குடித்து முகத்தைச் சுளிக்காமல் இருந்தார். பிறகு துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அக்காவோடு கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார் என்று கேட்டதற்கு அக்கா, "பட்டன் வெக்கிறதுல எத்தினி தினுசுன்னு கேட்டாரு" என்றாள். எனக்குத் தெரிந்து அவளிடம் அவள் வேலையைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். நான்கூடக் கேட்டதில்லை.

முகூர்த்தத்தன்று பூ வைத்தார்கள். அக்காவின் உத்தரவுப்படி நான் காலை ஆறு மணிக்கே குளித்து முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி தண்ணீர் கேட்டு வாங்கி, ஊரிலிருந்து வந்திருந்த இரண்டு பெண்களைப் பார்த்துக்கொண்டே முழு டம்ளரும் குடித்தார்.

என்ஜின் வாடகை, டீசல், நான்கு ஆள் கூலி, அவர்களுக்குச் சாப்பாடு, பிளீச்சிங் பவுடர் எல்லாம் சேர்த்து, வீட்டாருக்கு நான் கற்றுக்கொடுத்த ஒரு சொல்லுக்கு எங்களுக்கு ஆன செலவு அறுநூற்று நாற்பது ரூபாய்.